‘எல்லாம் ஒண்ணா இருக்கும் தம்பி’

மீன் கடைக்குப் போன யாருக்கும் இந்த டயலாக் புதுசு இல்ல. "இதுகூட அதைப் போடலாமாண்ணா?" என்று கேட்டால் போதும், கடைக்காரர் கையில இருக்கிற வலையைக் கீழ வைக்காமலே சொல்லுவார்: "எல்லாம் ஒண்ணா இருக்கும் தம்பி. பாருங்க, இங்கயே இருக்குல்ல?" அவர் காட்டுற தொட்டியில நிஜமாவே எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கும். மஞ்சள், நீலம், ஆரஞ்சு, வரி போட்டது, புள்ளி வெச்சதுன்னு ஐம்பது அறுபது குட்டி மீன்கள். ஒரு சண்டை கிடையாது.

அவர் பொய் சொல்லல. ஆனா சிக்லிட் குடும்பத்து மீன்களைப் பொறுத்தவரை அந்தக் கடைத் தொட்டி எதுக்குமே சாட்சி இல்ல. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எழுத வெச்சது வாட்ஸப்ல வந்த ஒரு லிஸ்ட். காலேஜுக்கு வெளிய வீடு எடுத்துத் தங்கியிருக்கிற நாலு ஜூனியர்ஸ் காசு போட்டு ரெண்டடித் தொட்டி வாங்கியிருக்காங்க. ஆஸ்கர் ஒரு ஜோடி, பேரட் ரெண்டு, ‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ ஆறு, ஏஞ்சல் ரெண்டு, சக்கர் ஒண்ணு. "அண்ணா, நாளைக்கு வாங்கப் போறோம், ஓகேவா?" டிபார்ட்மென்ட்ல மீன் வளர்க்கிறவன்னு பேர் எடுத்துட்டா இப்படித்தான், மீனைத் தவிர வேற எதுவும் நம்மகிட்ட கேக்க மாட்டாங்க. ஏழு நிமிஷ வாய்ஸ் நோட் அனுப்பினேன். "எழுதிக் குடுங்கண்ணா, கேக்க டைம் இல்ல"ன்னு பதில் வந்துச்சு. சரி, எழுதுறேன்.

அந்த லிஸ்ட்ல சக்கரைத் தவிர மத்த எல்லாமே சிக்லிட்தான். தட்டையா, அழகா, சாதுவா மிதக்கிற ஏஞ்சல்கூட. பேர் புதுசா இருந்தாலும் மீன் உங்களுக்குப் புதுசு இல்ல. ஊர்ல ஏரி மீன் சாப்பிட்டிருந்தா ஜிலேபி கெண்டை சாப்பிட்டிருப்பீங்க. அது திலேப்பியா, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த சிக்லிட். 1952-ல இந்தியாவுக்குக் கொண்டு வந்தாங்க. கோடையில ஏரித் தண்ணி வத்தும்போது சேத்துல வட்ட வட்டமா தட்டு மாதிரி பள்ளம் தெரியும், பார்த்திருக்கீங்களா? அது ஆண் ஜிலேபி வாயால தோண்டி வெச்ச கூடு. ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு ஓனர் இருந்திருக்கு. பக்கத்து வட்டத்துக்காரன் எல்லை தாண்டினா அடி விழும்.

இங்க்லீஷ்ல இதுக்கு ‘டெரிட்டரி’ன்னு ஒரு வார்த்தை போட்டு முடிச்சிருவாங்க. தமிழ்ல என்ன எழுதுறதுன்னு யோசிச்சப்போ எனக்குத் தோணினது ‘வரப்பு’. வரப்புத் தகராறுன்னு சொன்னா நம்ம ஊர்ல யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

இந்தத் தகராறு எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது. கப்பி குட்டி போட்டதும் அதையே தின்னப் பார்க்கும். அதுக்கு வரப்பு எதுக்கு? சிக்லிட் அப்படி இல்ல. முட்டையைக் காக்கும், குஞ்சைக் கூட்டிட்டுத் திரியும், சில இனங்கள்ல தாய் முட்டையையும் குஞ்சையும் வாய்க்குள்ளயே வெச்சு வளர்க்கும். டிஸ்கஸ் குஞ்சுகள் அப்பா அம்மா ரெண்டு பேர் உடம்பிலயும் சுரக்கிற வழவழப்பைத் தின்னு வளருது. இவ்வளவு பாசம் இருக்கிற குடும்பம் சும்மா இருக்குமா? குஞ்சு வளர்க்க இடம் வேணும், இடத்துக்குக் காவல் வேணும், வர்றவனை விரட்டணும். ‘அக்ரெஸிவ் மீன்’ என்று நாம சொல்றது பெரும்பாலும் பெத்தவனோட வேலை, அல்லது அந்த வேலைக்கான முன்னேற்பாடு.

இப்போ கடைத் தொட்டிக்கு வருவோம். அங்க ஏன் சண்டை இல்ல? முதல் விஷயம், எல்லாம் ரெண்டு இஞ்ச் குட்டிகள். இன்னும் வயசுக்கு வரல. ரெண்டாவது, கல் இல்ல, குகை இல்ல, பிடிச்சுக்க ஒரு மூலைகூட இல்ல. மூணாவது, தினமும் பத்து மீன் போகும், இருபது மீன் வரும்; யாரு பெரியவன்னு முடிவாகவே நேரம் கிடைக்காது. கூட்டம் நிரம்பி வழியுற அன்ரிசர்வ்ட் பெட்டியில யாரும் யாரையும் "இது என் இடம்"னு சொல்ல மாட்டாங்க, நிக்க இடம் கிடைச்சா போதும். அதே ஆளுங்க பாதி காலியான பெட்டியில ஏறினா பையை வெச்சு சீட் பிடிப்பாங்க. ஆறு மீனைக் கவர்ல கட்டி உங்க வீட்டுக்குக் கொண்டு வந்து, நடுவுல ஒரு பொம்மைக் கோட்டையையும் வெச்சா, நீங்க செஞ்சிருக்கிறது அதுதான். கோட்டையை முதல்ல பிடிச்சவன் ராஜா. மத்த அஞ்சும் ஃபில்டர் குழாய்க்குப் பின்னாடி.

லிஸ்ட்டைப் பார்ப்போம். ஆஸ்கர் வளர்ந்தா சுமார் 30 செ.மீ. ரெண்டடித் தொட்டியின் அகலம் ஒரு அடி, அதுவும் அதே 30 செ.மீ.தான். இதுக்கு மேல கணக்கு எழுதணுமா? அந்த மீன் திரும்பணும்னா உடம்பை மடக்கித்தான் திரும்பணும். இதுல ‘ஜோடி’ வேற. கடையில ஜோடின்னா ஆணும் பெண்ணும்னு நினைச்சுக்காதீங்க. அது விலை சொல்ற முறை. ஜோடின்னா ரெண்டு, அவ்வளவுதான். குட்டி ஆஸ்கர்ல ஆண் எது பெண் எதுன்னு வெளிய பார்த்து யாராலயும் சொல்ல முடியாது. ரெண்டும் ஆணா இருக்கலாம். மத்த மீன்களுக்கு இது சின்ன விஷயம், சிக்லிட்ல இதுதான் விஷயமே. அப்புறம் ஆஸ்கர்கூட எதைப் போட்டாலும் ஒரே டெஸ்ட்: அதன் வாய்க்குள்ள போகுமா? போகும்னா அது கூட்டாளி இல்ல, தீனி. இன்னிக்குப் போகாதது ஆறு மாசம் கழிச்சுப் போகும்.

பேரட் நிலைமை வேற. அது இயற்கையில இல்லாத மீன், தைவான்ல கலப்பு செஞ்சு உருவாக்கினது. வாய் சரியா மூடாது. அதனால கடிக்கிற சண்டையில அது எப்பவுமே நிராயுதபாணி. சுபாவத்துல மட்டும் முழு சிக்லிட்: குழி தோண்டும், விரட்டும், முறைக்கும். சண்டைக்குப் போற மனசும் சண்டை போட முடியாத வாயும் இருக்கிற ஒரு மீனை ஆஸ்கர் பக்கத்துல விடுறது எனக்கு மனசு ஒப்பல.

‘ஆப்பிரிக்கன் மிக்ஸ்’ங்கிற பேர்தான் எனக்கு எல்லாத்தையும் விடக் கோபம் வர வைக்கிறது. பெரும்பாலும் அது மலாவி ஏரி மீன்கள். நூற்றுக்கணக்கான சிக்லிட் இனங்கள் இருக்கிற ஏரி. பாறையை ஒட்டி வாழ்ந்து பாசியைச் சுரண்டித் தின்கிற கூட்டத்துக்கு ‘ம்பூனா’ன்னு பேர். அந்த மிக்ஸ்ல ரெண்டு மஞ்சள் மீன் இருக்கும். ஒண்ணு எலக்ட்ரிக் எல்லோ, ம்பூனாவிலேயே ரொம்ப சாந்தமானதுல ஒண்ணு. இன்னொண்ணு மஞ்சள்ல கறுப்பு வரி போட்ட ஔராட்டஸ். குட்டியில பார்க்க அவ்வளவு அழகு. ஆண் ஔராட்டஸ் வளர்ந்ததும் மஞ்சள் போய் உடம்பு கருநீலமாயிடும், குணமும் சேர்ந்து மாறும். பத்து செ.மீ. மீன் ஒரு நாலடித் தொட்டியையே குத்தகைக்கு எடுத்துக்கும். கடையில ரெண்டுக்கும் ஒரே வலை, ஒரே விலை, ஒரே பேர். பேர் தெரியாத சிக்லிட்டை வாங்காதீங்க என்பது என் முதல் வேண்டுகோள். பேர் தெரிஞ்சா அதன் முழு வளர்ச்சி அளவைப் போன்லயே ரெண்டு நிமிஷத்துல பார்த்துரலாம்.

தீனியும் ஒத்துப்போகாது. ம்பூனாவுக்குப் பாசி சார்ந்த தீனி வேணும், ஆஸ்கருக்குப் புரதம். ஒரே தொட்டியில ரெண்டையும் போட்டா யாரோ ஒருத்தர் தப்பான சாப்பாடு சாப்பிடப் போறாங்க. கொழுப்பும் மாமிசமும் தொடர்ந்து தின்கிற ம்பூனா வயிறு வீங்கி நிக்கும்.

இதுக்கெல்லாம் முன்னாடி, தண்ணி. யாரும் கேக்காத கேள்வி இதுதான். மலாவி மீன் காரத்தன்மை உள்ள தண்ணிக்காரங்க. பிஹெச் 8-ஐ ஒட்டி இருந்தா சந்தோஷம். டிஸ்கஸ், ராம் எல்லாம் தென் அமெரிக்க ஆறுகளோட மென்மையான, கொஞ்சம் அமிலம் சார்ந்த, வெதுவெதுப்பான தண்ணிக்காரங்க. ரெண்டையும் ‘சராசரி’ தண்ணியில விட்டா ரெண்டுமே சராசரியா கஷ்டப்படும். உங்க வீட்டு போர் தண்ணி பக்கெட்ல வெள்ளைக் கறை விடுதா, சோப்பு நுரைக்க மாட்டேங்குதா? அப்போ உங்களுக்கு ஆப்பிரிக்கா. சிறுவாணித் தண்ணி வர்ற கோயம்புத்தூர் வீடுன்னா கதை வேற. ஆர்ஓ தண்ணி கலந்து சமாளிக்கிறவங்க இருக்காங்க, எனக்குத் தெரியும். ஆனா வாராவாரம் கால்வாசித் தண்ணி மாத்தணும், பரீட்சை வாரத்திலயும் மாத்தணும். நாலு பசங்க இருக்கிற வீட்ல அந்தக் கேன் தண்ணி மீனுக்குப் போகாது, டீக்குத்தான் போகும். குழாயில என்ன வருதோ அதுக்கு ஏத்த மீனை எடுக்கிறதுதான் புத்திசாலித்தனம். பிஹெச் டெஸ்ட் கிட் வாங்குங்க, மீனுக்கு முன்னாடி.

வெளிநாட்டு வீடியோ பார்க்கிறவங்க இந்த இடத்துல கையைத் தூக்குவீங்க. "ம்பூனாவை நெருக்கமாப் போட்டா சண்டை குறையும்னு சொல்றாங்களே?" உண்மைதான். நிறைய மீன் இருந்தா அடி ஒருத்தன்மேலயே விழாம பிரிஞ்சுடும். கடைத் தொட்டியில நடக்கிற அதே வித்தைதான். ஆனா அந்த வீடியோ எடுத்த ஊர்ல கரண்ட் போகாது. நம்ம ஊர்ல மே மாசம் ராத்திரி ரெண்டு மணிக்கு ட்ரான்ஸ்ஃபார்மர் வெடிச்சா விடியற வரைக்கும் மோட்டார் ஓடாது. சூடான தண்ணியில ஆக்ஸிஜன் ஏற்கனவே குறைச்சல். அதுல இருபத்தஞ்சு மீன் மூச்சு விடணும். இன்னொரு சிக்கல், ஃபர்ஸ்ட் இயர் கெமிஸ்ட்ரியில படிச்சு மறந்தது: தண்ணியில அம்மோனியா ரெண்டு வடிவத்துல இருக்கும். அம்மோனியம் அயனி அவ்வளவா பாதிக்காது; அயனியாகாத அம்மோனியாதான் மீனைக் கொல்லும். 25 டிகிரியில, பிஹெச் 7 என்றால் மொத்தத்துல நூறில் ஒரு பங்குகூட அந்த விஷ வடிவத்துல இருக்காது. பிஹெச் 8 ஆச்சுன்னா ஐந்து பங்குக்கு மேல. அதாவது ஆப்பிரிக்கத் தண்ணியில அதே அழுக்கு பல மடங்கு விஷம். ஆகவே நெருக்கமாப் போடுற வித்தையைச் செய்யணும்னா பெரிய ஃபில்டரும் பேட்டரியில ஓடுற ஏர் பம்ப்பும் சேர்த்து பட்ஜெட் போடுங்க. அது முடியாதுன்னா மீனைக் குறைங்க, இனத்தையும் குறைங்க.

"என் ஃப்ரெண்ட் வீட்ல ஒரு வருஷமா எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு"ன்னு ஒருத்தர் கண்டிப்பா சொல்லுவார். இருக்கலாம். மீனுக்கு மீன் குணம் மாறும், அதை மறுக்கல. ஆனா அந்தத் தொட்டி முன்னாடி பத்து நிமிஷம் உக்காந்து பாருங்க. எல்லா மீனும் நடுவுல நீந்துதா? மேல் மூலையில, தண்ணி மட்டத்துக்குக் கீழ, அசையாம ஒண்ணு நிக்குதா? அதன் வால் ஓரம் கிழிஞ்சிருக்கா, நிறம் வெளுத்திருக்கா, தீனி போட்டதும் கடைசியா வந்து ரெண்டு வாய் எடுத்துட்டு ஓடுதா? அப்படின்னா அங்க சண்டை இல்லாம இல்ல. சண்டை முடிஞ்சிடுச்சு, ஒருத்தன் தோத்துட்டான், தோத்தவன் வெளிய போக வழியில்லாம அங்கயே குடியிருக்கான். ஏரியில தோத்த மீன் நீந்திப் போயிடும். கண்ணாடிக்குள்ள எங்க போகும்?

ஃப்ளவர்ஹார்னுக்கு என்ன துணை போடலாம்னு மாசம் ஒருத்தராவது கேக்கிறாங்க. வாஸ்துக்காக வாங்கியிருப்பாங்க, அப்புறம் "தனியா இருக்கே, பாவம்"னு தோணும். 1990-கள்ல மலேசியாவில கலப்பு செஞ்சு உருவான அந்த மீனுக்கு என் பதில் ஒண்ணே ஒண்ணு: யாரும் வேண்டாம். தனிமைங்கிற கவலை நம்மளோடது, அதோடது இல்ல. ஒரு மீன், ஒரு தொட்டி என்பது தோல்வி கிடையாது. அது உங்க கையைப் பார்த்ததும் ஓடி வர்றதே போதுமான உறவு.

ஒத்துப்போறதுங்கிற வார்த்தையே கொஞ்சம் வழுக்குற வார்த்தை. நம்ம தென்னிந்தியா, இலங்கை உப்பங்கழிகள்ல ரெண்டு சொந்த சிக்லிட் சேர்ந்து வாழுது: கேரளாக்காரங்க வறுத்துத் தின்கிற கரிமீன், அப்புறம் சின்னதா இருக்கிற ஆரஞ்சு குரோமைட். ஆரஞ்சு குரோமைட் கரிமீன் உடம்புல ஒட்டியிருக்கிறதைக் கொத்திச் சுத்தம் செய்யும். கரிமீன் அசையாம நின்னு காட்டும். என்ன ஒரு நட்புன்னு தோணுதுல்ல? அதே ஆரஞ்சு குரோமைட் கரிமீனோட முட்டையையும் குஞ்சையும் தின்னும். ரெண்டும் உண்மை. இயற்கையில பல்லாயிரம் வருஷம் சேர்ந்து இருந்ததுக்கே நிலைமை இதுன்னா, ஒரு சாயந்திரம் கடையில நாம சேர்த்து வைக்கிற ஜோடிகளுக்கு எவ்வளவு யோசிக்கணும்?

சரி, அப்போ எதைத்தான் போடுறது? ரெண்டடித் தொட்டிக்கு, அதாவது கல் மண் எல்லாம் போக ஐம்பது லிட்டர் சொச்சத்துக்கு, என் சாய்ஸ் ஒரு ஜோடி கிரிபென்சிஸ். நைஜீரியாப் பக்கத்து மீன், பத்து செ.மீ.க்குள்ள நிக்கும், பெண்ணுக்கு வயிறு செக்கச் செவேல்னு இருக்கும். ஆண் பெண் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியறதால நிஜ ஜோடியே வாங்கலாம். அடித்தளம் முழுக்க அதுங்களோடது. மேல்தட்டுல ஏழெட்டு ஸீப்ரா டேனியோ, வேகமா ஓடுறதால அடி வாங்காது. இன்னொரு சிக்லிட் சேர்க்கணும்னு ஆசைப்படாதீங்க. போர் தண்ணி காரமா இருந்து, தேடுற பொறுமையும் இருந்தா, டாங்கனிக்கா ஏரியோட சங்குவாசிகள். மல்டின்னு சொல்லுவாங்க. சுண்டு விரல் நீளம்கூட வராது. ஒவ்வொண்ணும் ஒரு நத்தைக் கூட்டுக்குள்ள குடியிருக்கும். வயல் நத்தைக் கூட்டைக் கொதிக்க வெச்சுப் போட்டா அதுவே வீடு. மணலை வாயில அள்ளி அள்ளித் தன் வீட்டு முன்னாடி கொட்டிட்டு இருக்கிறதைப் பார்க்க ஆரம்பிச்சா அசைன்மென்ட் நகராது.

நாலுக்கு ஒன்றரைக்கு ஒன்றரை அடித் தொட்டி இருந்தா கிட்டத்தட்ட 250 லிட்டர். தண்ணி மட்டுமே கால் டன், மேஜையைப் பார்த்துக்கோங்க. அதுல எலக்ட்ரிக் எல்லோ ஒரு கூட்டம், ரஸ்டி ஒரு கூட்டம். ஒண்ணு மஞ்சள், ஒண்ணு துரு நிறம். இது அழகுக்காகச் சொல்லல. தன்னை மாதிரியே இருக்கிறவனைத்தான் சிக்லிட் முதல்ல போட்டியாளனாப் பார்க்கும், அதனால நிறம் வேற வேறயா இருக்கணும். ஒரு ஆணுக்கு மூணு நாலு பெண் இருக்கட்டும். அமெரிக்கப் பக்கம் போகணும்னா ஃபயர்மவுத் ஒரு ஜோடி, கூட ஜயண்ட் டேனியோ. நம்ம மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகள்ல இருக்கிற மீன்தான் அது. திறந்த இடத்துல அது பயமில்லாம ஓடுறதைப் பார்த்து ஒளிஞ்சிருக்கிற சிக்லிட்டும் வெளிய வரும். ஜாக் டெம்ப்சி வேண்டாம். பழைய குத்துச்சண்டை சாம்பியன் பேரை ஒரு மீனுக்கு வெச்சிருக்காங்கன்னா காரணம் இருக்கும்.

சாதுவானதை முதல்ல விடுங்க, முரடனைக் கடைசியா. புது மீன் விடுற அன்னிக்குக் கல்லையெல்லாம் இடம் மாத்தி வைங்க. பழைய வரப்பு எல்லாம் அழிஞ்சு எல்லாரும் புதுசா ஆரம்பிப்பாங்க. லைட்டை அணைச்சிட்டு விடுங்க. தரைப்பரப்புதான் முக்கியம், உயரம் இல்ல. ஒரே லிட்டர் கணக்குல நீளமான தொட்டியும் உயரமான தொட்டியும் இருந்தா கண்ணை மூடிட்டு நீளமானது.

லிஸ்ட்ல மிச்சம் இருக்கிறது சக்கர். ‘டேங்க் கிளீனர்’னு ஓசியா தர்ற மாதிரி தருவாங்க. அது ஒன்றரை அடி வரைக்கும் வளரும். சுத்தம் செய்யறதைவிட அழுக்குப் பண்றது அதிகம். இப்போ தமிழ்நாட்டு ஏரிகள்ல வலை போடுறவங்க வலையில அது சிக்குது. உடம்பு முழுக்க எலும்புத் தகடு, முள் துடுப்பு; வலையைக் கிழிக்கும், சந்தையில வாங்க ஆள் இல்ல. அது தென் அமெரிக்காவிலிருந்து நீந்தி வரல. யாரோ வீட்டைக் காலி பண்ணும்போது "பாவம், உயிரோட இருக்கட்டும்"னு வாளியில கொண்டு போய் விட்டதுதான்.

இங்கதான் நம்ம வயசுக்காரங்களுக்கு ஒரு தனிச் சிக்கல். ஆஸ்கர் பத்து வருஷத்துக்கு மேல வாழும். டிகிரி நாலு வருஷம். மே மாசம் வீட்டு ஓனர் சாவி கேப்பார், ஒருத்தனுக்குப் பெங்களூரு, ஒருத்தனுக்குப் புனே, இன்னொருத்தன் ஊருக்கு. வளர்ந்த ஆஸ்கரைக் கடைக்காரர் திரும்ப எடுக்கிறது அபூர்வம். அப்புறம் அந்த வாளி. அதனால யாரு யாரோட சேரும்னு பார்க்கும்போது நாலு ரூம்மேட்ல யாரு கடைசி வரைக்கும் அந்த மீனோட சேருவாங்கன்னும் சேர்த்துப் பேசிடுங்க, காசு போடுறதுக்கு முன்னாடியே. யாரும் கை தூக்கலன்னா குறைஞ்ச வருஷம் வாழ்ற, கை மாத்தச் சுலபமான சின்ன மீனுக்குப் போங்க. ஏரியில விடுறது மட்டும் எந்த நிலைமையிலும் வேண்டாம்.

நானும் ஜூலைல கிளம்புறேன். வீட்ல அம்மாவால வாராவாரம் பக்கெட் தூக்க முடியாது. ஒன்பது எலக்ட்ரிக் எல்லோ இருக்கு, ரெண்டு ஆண், ஏழு பெண். காசு வேண்டாம். மொத்தமாத்தான் தருவேன், பிரிச்சுத் தர மாட்டேன். மூணரை அடிக்குக் குறையாத தொட்டி இருக்கிறவங்க பத்திரிகை டீம்கிட்ட சொன்னா எனக்கு வந்து சேரும். வரும்போது உங்க வீட்டுத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வாங்க, பிஹெச் பார்த்துட்டுப் பேசுவோம்.